ஒருக்களித்து வந்தவன்

எங்கள் வீட்டுக் கதவை அவன் முழுசாகத் திறந்து நான் பார்த்ததில்லை. அது இரட்டைக் கதவு. எல்லோரும் இரண்டையும் தள்ளிக்கொண்டு, காற்றோடும் தெருப்புழுதியோடும் உள்ளே வருவார்கள். அவன் ஒன்றை மட்டும், அதுவும் தன் தோள் நுழையும் அளவுக்கு விலக்கி, ஒருக்களித்து வருவான். கதவு அசைந்த மாதிரியே இருக்காது. கூடத்தில் தூங்கும் பூனை கண்ணைத் திறக்காது. "எப்படா வந்தே?" என்று அக்கா திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஆரம்பித்தது.

என்னோடு படித்த அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. இத்தனை வரிகளை அவனுக்குக் கொடுப்பதே அதிகம். பெயரையும் கொடுக்க மனசு வரவில்லை. அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை இதை எழுத என்னால் ஆகவில்லை.

நுங்கு சாப்பிட்டால் எங்களுக்கெல்லாம் முழங்கை வரை வழியும். அவன் கட்டைவிரலை ஓரிடத்தில் அழுத்தி, அந்தத் துளையிலேயே வாயை வைத்து உறிஞ்சிவிட்டு, ஈரமில்லாத கையோடு எழுந்து போவான். ஜவுளிக்கடைப் பொட்டலத்தின் நூலை அறுக்கமாட்டான். முடிச்சு எங்கே என்று பார்த்து நகத்தால் தொடுவான், அது தானே விட்டுக்கொடுக்கும். பள்ளிக்கூடத்தில் நான் நான்கு பக்கம் எழுதிய கேள்விக்கு அவன் ஆறு வரி எழுதி என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினான். போய்க் கேட்டேன். "உன் தாள்லயும் பதில் இருக்குப்பா, தேடி எடுக்கத்தான் ஆள் வைக்கணும்" என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் பிறகு எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு எதையும் பிளந்துதான் பார்க்க வரும். வாயைத் திறந்தால் நிறுத்த வராது. நான் தமிழ் வாத்தியாரானதும், பத்திரிகைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியதும் அதனால்தான்.

பதினேழு வயதில் காரைக்கால்மேட்டுக் கரையில், மீன் ஏலம் முடிந்து ஈரமாகக் கிடந்த மணலில், யாரோ போட்டுவிட்டுப் போன தூண்டில் கயிற்றை நான் இழுத்தேன். முள் என் கட்டைவிரலுக்குக் கீழே சதையில் இறங்கிவிட்டது. பின்னால் இழுக்க இழுக்க உள்ளே இருக்கும் எதிர்முள் சதையைக் கவ்வியது. கத்தியால் கீறி எடுத்துவிடலாம் என்றார் ஒரு பெரியவர். நான் அலறினேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்த்தான். பிறகு முள்ளைப் பின்னால் இழுக்காமல், அது போகிற போக்கிலேயே முன்னால் தள்ளினான். நுனி தோலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்த்தது. குறடு வாங்கி எதிர்முள்ளை நறுக்கினான். மிச்சத்தை வந்த வழியே உருவினான்.

வீட்டில் அக்கா என் கையைக் கழுவிவிட்டு விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "ரெண்டே புள்ளிதானாடா" என்றாள். என் கையைப் பிடித்தபடி அவன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வலித்தது எனக்கு. வியந்தது அவனை.

அக்கா என்னைவிட ஏழு வயசு மூத்தவள். அம்மா போன பிறகு வீடு அவள் கையில் வந்தது. அப்பாவும் போன பிறகு நானும் அவளும்தான். கல்யாணம் அமையவில்லை. பழைய ஆட்கள் இன்னமும் பிரெஞ்சில் மேரி என்று சொல்லும் நகராட்சி அலுவலகத்தில் வேலை. பிரான்சுக்குப் போக நினைக்கிறவர்களுக்குத் தாத்தா பாட்டி பிறந்த கதை காகிதத்தில் வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேடுகளைப் பார்த்து அதை நகலெடுத்துக் கொடுக்கிறவள் அவள். கன்னியாஸ்திரிகளிடம் படித்த பிரெஞ்சு. கொடியில் காயும் துணிபோல எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த எழுத்து. ஓர் எழுத்து கோணினால் ஒரு குடும்பத்தின் பேரே மாறிப்போகும் என்பாள்.

சாயங்காலம் அவள் வந்ததும் நான் கேட்பேன். என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள், ஏன் முகம் வாடியிருக்கிறது, தலைவலியா, மேலதிகாரி ஏதாவது சொன்னாரா. "ஒண்ணுமில்லடா, சாப்பிடு" என்பாள். டாக்டருக்குப் படிக்கப் போன அவன் லீவில் வந்து அதே கூடத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்பான்: "இன்னைக்கு யாரு பேருக்கா எழுதுனீங்க?" அவ்வளவுதான். சைகோனில் பிறந்து திருமலைராயன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண், அவளுடைய சிப்பாய் அப்பா, பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குப் பதிலாக வைத்த சிலுவைக் குறி என்று அக்கா அரைமணி நேரம் பேசுவாள். அவளுக்குள் இவ்வளவு கதை இருப்பதே அவன் வந்தால்தான் எனக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்கும். நான் எழுந்து போய் இறக்குவேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் அவன் மெட்ராசில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூளை அறுவைப் பிரிவில் சேர்ந்திருந்தான். சீனியர்களுக்குக் கை கொடுக்கும் நிலை. மாங்கனித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவன், வழக்கம்போல ஒருக்களித்து வீட்டுக்குள் வந்தான். அக்கா எனக்கும் அவனுக்கும் காபி கொண்டுவந்தாள். அவன் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தான். குடிக்கவில்லை. அவள் கையையும் பார்க்கவில்லை; டம்ளரைத்தான் பார்த்தான்.

"அக்கா, எத்தனை நாளா அரை டம்ளர்?"

அக்கா உள்ளே போனாள். அவன் எழுந்து பின்னாலேயே போனான். சமையலறையிலிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. எங்கள் அப்பா செத்தபோதுகூட அப்படி அழாதவள். நான் கூடத்தில் என் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் அரை டம்ளர்தான். ஒரு வருஷமாக அரை டம்ளர்தான்.

அவளுடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. முழுசாக ஊற்றினால் தளும்பும். சாதத்தைப் பிசைந்து நான் உட்காருவதற்குள் சாப்பிட்டுவிடுவது, ஆபீசில் இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திக்கொண்டு எழுதுவது, கோயிலில் கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றையும் ஒளித்திருந்தாள். ஒளிக்கக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் சாராயமும் பிராந்தியும் மலிவு. கை நடுங்கினால் ஊருக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே கிடைத்திருந்தது. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். பூசைக்கு முன்னால் ஒரு வாய் போட்டுக்கொண்டு வருகிறார் என்று நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு அவனை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவிடப் போனேன். "அப்பாவுக்கும் இப்படித்தானே இருந்துச்சு?" என்றான்.

"அவரு குடிச்சாருடா. அதுல நடுங்குச்சு."

"நடுங்குச்சு. அதனால குடிச்சாரு."

நான் ரோட்டிலேயே நின்றுவிட்டேன். இந்த நடுக்கத்துக்கு ஒரு மடக்கு சாராயம் கொஞ்ச நேரம் கட்டுப்படும் என்று அவன் சொன்னான். ஆர்மோனியக் கட்டைகள்மேல் விரல் தப்பாமல் விழவேண்டும் என்றுதான் எங்கள் அப்பா குடித்திருக்கிறார். இருபது வருஷம் நான் வெறுத்த மனிதரை மூன்றே சொல்லில் எனக்குத் திருப்பிக் கொடுத்தான். நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் அப்பா, என் அக்கா, என் வீட்டுக் காபி. எல்லாவற்றுக்கும் இவனா வரவேண்டும்? ஏதாவது சொல்லித் தப்பிக்க வேண்டியிருந்தது.

"அரை டம்ளரப் பாத்து நான் பால் பத்தலைன்னு நெனச்சேன்டா" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பஸ் வந்தது.

ஆறு மாதம் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கை கேட்கவில்லை. அப்புறம் அவன் ஊருக்கு வந்து ஆபரேஷன் பற்றிப் பேசினான். தலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளை. அதன் வழியாக மெல்லிய கம்பி. மூளையின் நடு ஆழத்தில், பட்டாணி அளவு இடத்தைக் கம்பி நுனியால் சுட்டுவிட்டால் நடுக்கம் நிற்கும். மயக்க மருந்து கிடையாது. அக்கா முழித்திருக்க வேண்டும்.

நான் முடியாது என்றேன். துளை வழியாக என்ன தெரியும், தலையைத் திறந்து கண்ணால் பார்த்துச் செய்யத் துப்பில்லையா, பட்டினச்சேரியில் கிணறு தோண்டுகிறவன்கூட உள்ளே எட்டிப் பார்த்துத்தான் தோண்டுகிறான் என்று கத்தினேன். அக்காமேல் இருந்த பயம் பாதி. இவன் அவளைத் தொடக்கூடாது என்பது மீதி. அந்த மீதியை நான் அக்கறை என்று சொல்லிக்கொண்டேன்.

அவன் என்னோடு வாதாடவில்லை. காரைக்கால்மேட்டுக்கு நடக்கக் கூட்டிப் போனான். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, நேத்து தூண்டில் போட்டீங்களே கடலுக்குள்ள ஒரு பாறை, அது மேலேர்ந்து பாத்தா தெரியுமா?" என்று கேட்டான்.

"எப்புடித் தம்பி தெரியும்? எல்லாம் தண்ணிதான். மாதா கோயில் கோபுரமும் அந்த ஒத்தப்பனையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வரணும். வடக்கால வெளக்குத் தூணும் சவுக்குத் தோப்பு மொனையும் ஒண்ணாவணும். ரெண்டும் கூடுற எடத்துல தூண்டில எறக்குனா மீனு. இல்லன்னா பாசிதான்" என்றார் அவர்.

அவன் என் பக்கம் திரும்பினான். "கடலை இறைச்சுட்டா பாறையத் தேடுறாங்க?"

தலையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் மாட்டுவார்களாம். முன்னாலிருந்து ஒரு எக்ஸ்ரே, பக்கவாட்டிலிருந்து ஒரு எக்ஸ்ரே. வளையத்தின் கோடுகளை வைத்துக் கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் இடம் தெரியுமாம், கோபுரமும் பனையும்போல. "தெறந்துகிட்டுப் போகலாம். ஆனா அது ஆழத்துல இருக்கு. போற வழியில இருக்கிறதையெல்லாம் தள்ளணும்" என்றான். கொஞ்சம் பொறுத்துச் சொன்னான்: "தள்ளுனது எதுவும் பழையபடி இருக்காதுடா."

ஆபத்தையும் மறைக்கவில்லை. கம்பி மயிரிழை தப்பினால் கை விழலாம்; பேச்சு போகலாம். அதனால்தான் முழித்திருக்கச் சொல்வது. முதலில் லேசாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அவள் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு தெளிவாக இருந்தால்தான் மேலே போவார்கள்.

அக்கா என்னைக் கேட்கவில்லை. அவனிடம் சரி என்றாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தலையை முழுக்க மழிக்க வந்தவரை நிறுத்தி, ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்கு மட்டும் எடுக்கச் சொன்னான். மேற்பார்வை நர்சுக்கும் அவனுக்கும் அதில் மனஸ்தாபம். அக்காவின் சடை பிழைத்தது. பின்னால் ஊர் திரும்பியபோது எங்கள் தெருவே அவளைச் சுற்றிவந்து பார்த்தது. "மண்டைய ஆபரேசன் பண்ணாங்கன்னு சொன்னீங்க. வேளாங்கண்ணியில மொட்ட போட்டுக்கிட்டு வந்தாகூட நம்பலாம்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

அன்றைக்குக் காலையில் நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கம்பியை இறக்குகிறவர் பெரிய டாக்டர். அவனுக்கு வேறு வேலை: அக்காவின் முகத்தருகே உட்கார்ந்து அவளைப் பேச வைப்பது, அவள் கையைக் கவனிப்பது. ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் என் அக்கா தலையில் துளை திறந்திருக்க, கண் திறந்திருக்க, அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். இரண்டரை மணி நேரம். என்னிடம் அவள் சேர்ந்தாற்போல இரண்டரை நிமிஷம் பேசியதில்லை. அவள் உயிரோடு வரவேண்டும் என்று ஜெபித்தேன். நடுநடுவே, என்ன பேசுகிறாள் என்றும் நினைத்தேன். எது ஜெபம் எது நினைப்பு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தியேட்டரில் வேலை செய்யும் ஆயா வெளியே வந்தாள். "உன் அக்காவா அது? இன்னாமா பேசுது! நடுவுல எண்ணச் சொன்னா ஏதோ புரியாத பாசைல எண்ணுச்சு. பேச்சு கொழறிப்போச்சுன்னு பெரிய டாக்டரே கைய நிறுத்திட்டாரு. அந்தச் சின்ன டாக்டரு, இல்ல சார், பிரெஞ்சு, எங்க ஊருக்காரங்க அப்படித்தான்னு சிரிக்கிறாரு."

ஆபீசில் பதிவேட்டுப் பக்கங்களை அவள் பிரெஞ்சில்தான் எண்ணுவாள். அது எனக்கும் தெரியும். அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

"அப்புறம் இன்னாவோ சொல்லிச்சு நைனா. நான் கதவாண்ட நின்னதால சரியாக் கேக்கல. சிஸ்டரம்மா கண்ணத் தொடைச்சுக்கினாங்க" என்றுவிட்டுப் போனாள்.

அவன் வெளியே வந்தான், கதவை ஓர் ஆள் அளவுக்கு விலக்கிக்கொண்டு. "கை நின்னுடுச்சு. முழு டம்ளர் தண்ணியக் கையில குடுத்தோம், ஒரு சொட்டு சிந்தல" என்றான்.

"என்னடா பேசுனா?"

"பேச்சு தெளிவா இருந்துச்சு."

"அது இல்லடா. என்ன பேசுனா?"

"தெளிவாப் பேசுனாங்க" என்றான்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, எத்தனையோ விதமாகக் கேட்டேன். சண்டை போட்டுக் கேட்டேன், சிரித்துக்கொண்டு கேட்டேன், காபி வாங்கிக்கொடுத்துக் கேட்டேன். அவனுக்கு வேண்டியது பேச்சு சரியாக இருக்கிறதா என்பது. அதை எடுத்துக்கொண்டான், மிச்சத்தை அங்கேயே வைத்து மூடிவிட்டான். சிஸ்டர் அழும்படி ஒரு பெண் ஓர் ஆணிடம் என்ன சொல்லியிருப்பாள்? கல்யாணம் ஆகாதவள், அவன் வந்தால் மட்டும் சிரிக்கிறவள். நான் எழுதுகிறவன் ஆயிற்றே. எழுதி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு கதையிலும் அவள் அவனைத்தான் நேசித்தாள். ஒவ்வொன்றிலும் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவிடம் கேட்கவில்லை. அவள் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

வருஷங்கள் போயின. எனக்குக் கல்யாணமாகி வேறு தெருவுக்குப் போனேன். அவன் பெரிய டாக்டராகி, பிரான்சில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். போவதற்கு அவனுக்கு வேண்டியிருந்த பிறப்பு நகலை அக்காதான் எழுதினாள், ஒரே பக்கம் சாய்ந்த எழுத்தில். அங்கிருந்து எனக்குக் கடிதம் வரும். ஒரு வரிதான் இருக்கும். அக்கா கை எப்படி? அதற்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு தபால்தலை.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனபோது அப்படி ஒரு கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. அவள் காபி கலந்துகொண்டிருந்தாள். கேட்பதற்கு எட்டு வருஷமாகச் சேர்த்துவைத்த முன்னுரைகள் எல்லாம் இருந்தன. ஏனோ அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அன்னைக்கு உள்ள என்னக்கா பேசுனே?"

"உன்னப் பத்தித்தான்" என்றாள், திரும்பாமலே.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"பேசிக்கிட்டே இருங்கக்கான்னான். என்னத்தப் பேசுறதுன்னேன். வீட்டுல யாருக்கா உங்களுக்குத் தொணைன்னு கேட்டான். எந் தம்பின்னேன். அவங்கிட்டயே சொன்னேன்: ஒரு வருசம் அவன் அரை டம்ளர் காபியக் குடிச்சாண்டா, ஒரு நாளு ஏன்னு கேக்கல. கேட்டா நான் ஒடைஞ்சிடுவேன்னு அவனுக்குத் தெரியும். ஊரெல்லாம் பேசுற வாயி அது, எனக்காக அந்த ஒண்ண மட்டும் பேசாம வச்சிருந்தான். நீ வந்த ஒடனே பட்டுன்னு கேட்டுட்டே, நல்லதுக்குத்தான், ஆனா வலிச்சுது. அவன் கேக்காம இருந்தான் பாரு, அதுக்கு இருக்கு ஒரு மனசுன்னேன். பக்கத்துல நின்ன சிஸ்டரு அழுதுடுச்சு."

சர்க்கரையைப் போட்டு ஆற்றினாள். கை உயரத்திலிருந்து காபி ஒரே கம்பியாக இறங்கியது. அசைவே இல்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்றேன்.

"அவன் என்ன சொல்லுவான்? ஆமாக்கான்னான். அப்பறம் டம்ளரக் கையில குடுத்தான்."

ஆமாக்கா. பால் பத்தவில்லை என்று நான் நினைத்திருந்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டு ரோட்டில் என் வாயாலேயே சொன்னேன். அவள் தலைக்குள் கம்பி நின்றிருந்த நேரத்தில், அவள் சொன்னது தப்பு என்று தெரிந்தே, அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விட்டான். பிறகு நான் எட்டு வருஷம் கேட்டும் என்னிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அப்போதே அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போதும் சொல்ல வாயெடுத்தேன். அக்கா திரும்பி டம்ளரை நீட்டினாள். விளிம்பு வரை இருந்தது. மேலே நுரை நின்ற இடத்தில் நின்றது. அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்தேன். எனக்கென்று, எனக்கு மட்டும் என்று அங்கே ஓர் இடம் இருந்தது. நான் சம்பாதித்த இடம் அல்ல.

வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது. நிறுத்தாமல் குடித்தேன்.

ராஸ்கல். என் கையிலிருந்த முள்ளை எடுத்தான். என் அப்பாவின் மேலிருந்த பழியை எடுத்தான். அக்காவின் நடுக்கத்தை எடுத்தான். அக்கா எனக்கு வைத்திருந்த அந்த இடத்தையாவது அவன் விட்டுவைக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.